ஒற்றியும் போக்கியமும்

சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு எட்டு மணியளவில் சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவள் என் தமக்கையாரின் பேத்தி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். கணவனின் தொழில் காரணமாகச் சென்னைக்குப் போய் மூன்று மாதங்கள் ஆகின்றன. அதுவரை கணவனுடைய நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தவர்கள், சொந்தமாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போக முடிவு செய்திருந்தார்கள்.

“தாத்தா, நீங்கள் பேப்பர்க்காரர்தானே. ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லுங்கோ. லீஸ் எண்டால் என்ன?”

“குத்தகை” என்றேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித் தாள்களில் மொழிபெயர்த்துப் பழகிய நாக்கு. யோசிக்காமலே விடை வந்தது.

“அது இல்லைத் தாத்தா. இங்கை புரோக்கர் ஒரு வீடு காட்டினவர். வாடகைக்கு எண்டால் மாசம் பதினையாயிரமாம், பத்து மாச அட்வான்ஸாம். லீசுக்கு எண்டால் பதினைஞ்சு இலட்சம் ஒரேயடியாய்க் குடுக்கவேணுமாம். பிறகு மாச வாடகையே இல்லையாம். மூண்டு வரியம் முடிய வீட்டை விட்டுட்டு, குடுத்த பதினைஞ்சு இலட்சத்தையும் அப்பிடியே வாங்கிக்கொண்டு போகலாமாம். சும்மா இருக்கிற மாதிரியெல்லோ? இதிலை என்ன சுத்துமாத்து?”

“சுத்துமாத்து ஒண்டும் இல்லைப் பிள்ளை. அது லீஸ் இல்லை. அதுதான் ஒற்றி.”

“ஒற்றி எண்டால்?”

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. இந்தப் பிள்ளையின் அம்மம்மாவின் கல்யாணமே ஒற்றிப் பணத்தில் நடந்த கல்யாணம். இரண்டு தலைமுறை தாண்டுவதற்குள் அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. போனது எனக்குத் தெரியவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சிறுவர்களாயிருந்த காலத்தில் காணி பற்றிய சொற்கள் சோறு கறி போலப் புழங்கின. ஒரு காணியை ஒரேயடியாக விற்றால் அறுதி. காணியை நாமே வைத்துக்கொண்டு, உறுதியைப் பிணையாக எழுதிக் கொடுத்து வட்டிக்குப் பணம் வாங்கினால் ஈடு. ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பயிர் செய்யக் கொடுத்தால் குத்தகை. விளைச்சலில் பங்கு என்றால் வாரம். இவற்றுக்கு நடுவே நிற்பது ஒற்றி. பணம் தேவைப்படுகிறவர் காணியையோ வீட்டையோ பணம் கொடுப்பவரிடம் ஒப்படைக்கிறார். பணம் கொடுத்தவர் அதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், மாங்காய் தேங்காயைப் பறிக்கலாம். அந்த அனுபவமே அவருக்கு வட்டி. உடைமையாளருக்கோ வாங்கிய பணமே வாடகை. வட்டியும் வாடகையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மிச்சமாக நிற்பது முதல் மட்டும். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பி வரும். இதற்கு மீட்டல் என்று பெயர்.

பேத்தி கேட்ட கணக்கும் இதுதான். பதினைந்து இலட்சத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று பார்த்தால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். மாதத்துக்குப் பதினையாயிரம். அதாவது அந்த வீட்டு வாடகை சதம் பிசகாமல் அதேதான். அதே பணத்தை வங்கியில் ஏழு வீதத்துக்குப் போட்டால் மாதம் 8,750 தான் வரும். ஆகவே கையில் பணம் உள்ளவருக்கு இந்த ஏற்பாடு இலாபம். வீட்டுக்காரருக்கும், வெளியே வட்டிக்குப் பணம் எடுப்பதைவிட இது சுலபம். இருவரும் மகிழ்கிற வியாபாரம் என்றால் எங்கோ ஓரிடத்தில் ஆபத்து இருக்கவேண்டுமே என்று அவள் சந்தேகப்பட்டது சரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழ்நாட்டிலே இந்த ஏற்பாட்டுக்கு இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் இன்றும் ஒத்தி என்பார்கள். வீடு ஒத்திக்கு விடப்படும் என்று பலகை தொங்கும். காற்று காத்தாகியது போல ஒற்றி ஒத்தியாகியிருக்கிறது. சென்னையில் போக்கியம் என்பது பழைய வழக்கு. போகம் என்ற வடசொல்லின் வழி வந்தது. அனுபவித்தற்குரியது என்று பொருள். கர்நாடகத்திலும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பதிவு அலுவலகத்துப் பத்திரத்திலே சுவாதீன அடமானம் என்று எழுதுவார்கள். இத்தனை சொற்கள் இருக்க, வீட்டுத் தரகர்கள் இப்போது எல்லாவற்றையும் லீஸ் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். எங்கள் ஊரிலோ லீசிங் என்றவுடன் முச்சக்கர வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். தவணை தவறினால் வண்டியை இழுத்துப்போக வருகிறவருக்குச் சீசிங்காரர் என்று பெயர். லீசும் சீசும் சேர்ந்தே நடக்கும் நாடு இது.

ஒற்றி புதிய சொல்லும் அன்று. கல்வெட்டுகளில் வருகிற பழஞ்சொல். திருவொற்றியூர் என்ற பெயரை ஈடு வைக்கப்பட்ட ஊர் என்று பொருள்கொண்டு, ஊரையே ஒற்றி வைத்துவிட்டவரோ என்று சிவபெருமானைக் கேலி பேசும் வழக்கம் பக்திப் பாடல்களில் உண்டு. வள்ளலார் இந்தச் சிலேடையை விட்டுவைக்கவே இல்லை. கடவுளே ஒற்றி வைத்த குடும்பி என்றால் கடன்பட்டவனுக்கு ஓர் ஆறுதல்தானே.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் சட்டமாகவே ஆயிற்று. ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள மக்களின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். தமிழில் பெயர்க்கப்பட்ட பின் பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்று ஒப்பினார்கள். 1707 இல் அது தேசவழமை என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் பிரித்தானியர் 1806 இல் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்கு முழுச் சட்டவலுக் கொடுத்தார்கள். அதில் ஒற்றிக்குத் தனி இடம் உண்டு. நிலத்தின் பயனே வட்டி என்று அது சொல்கிறது. ஒற்றி வைத்தவர் நினைத்த நேரத்தில் பணத்தோடு வந்து நின்று, காணியை விடு என்று கேட்கவும் முடியாது. பயிர் அறுவடையான காலத்தை ஒட்டியே மீட்கலாம். உழுது விதைத்தவன் வயிற்றில் அடிக்கக்கூடாது என்ற எண்ணம் அந்த முதலிமாருக்கு இருந்திருக்கிறது. ஆங்கிலத் தீர்ப்புகளில் இச்சொல்லை ஒட்டி என்று ஒலிக்கும்படியே எழுதியிருப்பார்கள். றகரம் இரட்டிக்கையில் யாழ்ப்பாணத்து நாக்கு எப்படிப் புரளும் என்று அந்தத் தீர்ப்புகளைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

வேறு நாடுகளிலும் இது உண்டு. பழைய கிரேக்கர் இதற்கு அன்டிகிரீசிஸ் என்று பெயர் வைத்தார்கள். பயனுக்கு மாற்றுப் பயன் என்பது பொருள். தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டில் அந்தப் பெயரிலிருந்து பிறந்த அன்டிகிரெட்டிக்கோ என்ற முறையில் இன்றும் வீடு எடுக்கிறார்கள். கொரியாவில் ஜொன்சே என்பார்கள். அங்கே வீட்டு விலையில் பாதிக்கு மேலும் முற்பணமாகக் கேட்பது சாதாரணம். 2022 இல் வீட்டு விலைகள் விழத் தொடங்கியபோது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாத வீட்டுக்காரரும், திட்டமிட்டே ஏமாற்றியவரும் வெளிப்பட்டனர். சேமிப்பு முழுவதையும் இழந்த இளைஞர்கள் சிலர் 2023 இல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டோருக்கென ஒரு சிறப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பேத்தி கேட்ட ஆபத்து இதுதான். ஒற்றிக்குப் பணம் கொடுத்தவர் உண்மையில் கடன் கொடுத்தவர். அவர் இருப்பது வாடகை வீட்டில் அல்ல, தான் கொடுத்த கடனுக்கான பிணைக்குள்ளே.

இனி எங்கள் வீட்டுக் கதை.

1971 இல் என் தமக்கையாருக்குக் கல்யாணம் பேசி முடிவாயிற்று. ஐயா ஒரு சாதாரண அரச எழுதுவினைஞர். வலிகாமத்தில் ஆறு பரப்புக் காணியும், அதில் ஓர் ஓட்டு வீடும், ஒரு கிணறும், வெங்காயம் வைக்கத் தோதான தறையும் எங்களுக்கு இருந்தன. விற்க ஐயாவுக்கு மனம் இல்லை. ஈடு வைத்தால் மாதா மாதம் வட்டி கட்டச் சம்பளம் காணாது. ஆகவே அயலூரில் தோட்டம் செய்துகொண்டிருந்த ஒருவருக்கு வீட்டையும் காணியையும் ஐந்து ஆண்டுக்கு 4,500 ரூபாவுக்கு ஒற்றி எழுதிக் கொடுத்தார். நொத்தாரிசு வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து உறுதி எழுதியது நினைவில் இருக்கிறது. ஐயாவும் அம்மாவும் ஐயாவின் வேலைக்கு அண்மையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். நான் அப்போதுதான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். என் மாதச் சம்பளம் 225 ரூபா. அந்தக் கணக்கில் 4,500 ரூபா என்பது என் இருபது மாத உழைப்பு. அக்காவின் தாலிக்கொடியும் நகைகளும் கல்யாணச் செலவும் அதற்குள் அடங்கின.

ஐந்தாண்டில் மீட்டுவிடுவேன் என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து பத்தாகியது. பிறகு 1983 வந்தது. தம்பி நாட்டை விட்டுப் போனான். 1984 இல் ஐயா காலமானார். சாகும்போது அவருடைய தலைமாட்டில் இருந்த ஒரு சிறு கொப்பியில், கொடுக்கவேண்டியவை என்ற தலைப்பின் கீழே முதலாவதாக எழுதப்பட்டிருந்தது இந்த ஒற்றிதான். அதன் பிறகு எங்களுக்கு ஊருக்குப் போகவே வழியில்லாத காலங்கள்.

2002 இல் போர் நிறுத்தம் ஏற்பட்டு, ஏ9 பாதை திறந்தது. 2003 தையில் நான் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி ஊருக்குப் போனேன். பத்திரிகை வேலையாகத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டாம் நாளே கால்கள் அந்த ஒழுங்கைக்குள் போயின.

ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. கதவு நிலை, சன்னல், வளை, மரம் எல்லாம் கழற்றப்பட்டுச் சுவர்கள் மட்டும் நின்றன. எங்கள் வீட்டுக்குக் கூரை இருந்தது. முன்பக்கம் பழைய ஓடு, பின்பக்கம் தகரம். கிணற்றடியில் உடுப்புக் காய்ந்தது. தறை முழுவதும் வெங்காயம் பச்சைப் பசேலென்று நின்றது. ஒற்றிக்காரர் இறந்து ஆறு ஆண்டுகளாகியிருந்தன. அவருடைய மனைவி படலையைத் திறந்தார். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அடையாளம் கண்டுகொண்டார்.

“மீட்க வந்தனீரோ தம்பி?”

வாரும், இரும், எப்படிச் சுகம் என்று எதுவும் கேட்கவில்லை. முதற்கேள்வியே அதுதான். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் அந்தக் கேள்வியோடு அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

“பாக்கத்தான் வந்தனான் அக்கா” என்றேன்.

தேநீர் தந்தார். பிறகு உள்ளே போய், பழைய பிசுக்கோத்துத் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் அவருடைய பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஒரு சோடித் தோடு, பேத்தியின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, அவற்றுக்கு அடியில் எங்கள் ஒற்றி உறுதி. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு வெளியேறி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தக் கூட்டத்தில் இந்த அம்மாளும் நோயாளிக் கணவரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். கையில் இருந்தது இந்தத் தகரம் ஒன்றுதான். ஒரு வருடம் கழியுமுன் திரும்பி வந்து, கழன்றுபோன கூரையைத் தகரம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது என்னவென்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இந்த வீடு இதில் குடியிருப்பவருடையது அல்ல என்று எழுதியிருக்கிறது. எங்களிடம் இருந்த பிரதி எந்த இடப்பெயர்விலோ தொலைந்துவிட்டது. அவரும் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால், பதிவேடுகளைத் தேடி அலைந்து வழக்காடுவது எங்கள் தலையில் விழுந்திருக்கும். பாலத்தில் அதைத் தண்ணீருக்குள் போட்டிருந்தாலும் கேட்பார் இல்லை. அவர் அதைத் தோட்டோடு சேர்த்துக் காவியிருக்கிறார்.

“பயிர் நிக்குது தம்பி” என்றார். “மாசிக் கடைசியிலை வெங்காயம் கிண்டிப்போடுவம். பேத்திக்கும் சோதினை முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு எப்ப எண்டாலும் விடுறன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளும்.”

அவர் தேசவழமையைப் படித்தவர் அல்லர். நானும் அப்போது படித்திருக்கவில்லை. கொழும்புக்குத் திரும்பியபின் ஒரு சட்டத்தரணி நண்பரிடம் புத்தகத்தை இரவல் வாங்கிப் புரட்டியபோதுதான், அறுவடைக்குப் பிறகே மீட்கலாம் என்ற விதியைக் கண்டேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

அந்த நண்பர் சட்ட நிலையையும் விளக்கினார். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டுகள் ஒரு காணியைத் தன்னுடையதென்று தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஆனால் ஒற்றிக்காரர் உடைமையாளரின் அனுமதியோடு உள்ளே வந்தவர். அந்த நிலையை வெளிப்படையாக முறித்துக்கொண்டதைக் காட்டினாலன்றி முப்பது ஆண்டு இருந்தாலும் ஒற்றிக்காரர் ஒற்றிக்காரரே. (போர்க்காலத்தில் தங்கள் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் குறித்த ஒரு சிறப்புச் சட்டம் 2016 இல் வந்தது. நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அது கற்பனையிலும் இல்லை.) கொடுக்கவேண்டிய தொகை எவ்வளவு என்று கேட்டேன். உறுதியில் எழுதியுள்ளது எவ்வளவோ அவ்வளவு என்றார். 4,500 ரூபா. 1971 இல் ஒரு கல்யாணத்தை நடத்திய பணம். 2003 இல் அதற்கு ஏறக்குறைய அரைப் பவுண் பொன் வாங்கலாம்.

தம்பிக்குக் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தமக்கைக்குச் சீதனம் கொடுத்தாயிற்று. ஆகவே எங்கள் வழமைப்படி காணி ஆண்மக்கள் இருவருக்கும் உரியது. அவன் தீர்மானமாகச் சொன்னான்: “சட்டம் 4,500 எண்டால் 4,500. அதுகள் முப்பத்திரண்டு வரியம் அந்தத் தோட்டத்தை ஆண்டதுகள். ஐயா கடைசி மட்டும் வாடகை வீட்டிலை இருந்து செத்தவர். அதை ஆர் கணக்குப் பாக்கிறது?”

அவன் சொன்னதில் தவறில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தத் தறையில் எத்தனை வெங்காயப் போகம் போயிருக்கும். வட்டி என்று பார்த்தால் அந்த 4,500 எத்தனையோ முறை திரும்பிவிட்டது. ஆனால் அந்த அம்மாளின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்கள் அன்று அந்தப் பணத்துக்கு அறுதியாகவே ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கலாம். ஒற்றி என்று நம்பிக் கொடுத்ததால், அறுபது வயதுக்கு மேல் அரைப் பவுண் பணத்தோடு படலைக்கு வெளியே நிற்கவேண்டி வந்தது. அவர்கள் அந்த வீட்டில் இல்லாதிருந்தால் எங்களுக்கு மீட்கச் சுவர் மட்டுமே மிஞ்சியிருக்கும். இரண்டு கணக்கும் சரி. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்ட என்னால் முடியவில்லை.

பங்குனியில் மீண்டும் போனேன். வெங்காயம் கிண்டி, பிடி கட்டித் தாவாரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். 4,500 ரூபாவையும் எண்ணி வாங்கிக்கொண்டார். கூரைத் தகரத்துக்கு என்று நான் கொடுத்த தொகையைப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, மிச்சத்தைத் திருப்பித் தந்தார். மேற்கொண்டு ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். காணியைப் பிரித்தபோது என் பங்கு மூன்று பரப்பில் ஒரு பரப்பை, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பங்கோடு, அவருடைய பேத்தியின் பெயருக்கு நன்கொடையாக எழுதினேன். அதற்கும் அவர் உடனே சம்மதிக்கவில்லை. பேத்தி படிக்கிற பிள்ளை, கொட்டிலாவது போடட்டும் என்று அயலவர்கள் சொல்லித்தான் கையெழுத்து வைக்க வந்தார். என் தம்பி அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. அவனுக்கும் அந்தக் காணி ஐயாவின் காணிதான். என் பங்கிலிருந்து கொடுத்தேன் என்று சொன்னது அவனுடைய கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

இதையெல்லாம் பேத்திக்கு அன்றிரவு நான் சொல்லவில்லை. வேண்டியதை மட்டும் சொன்னேன். முதலில், லீஸ் என்ற சொல்லை மறந்துவிடு என்றேன். குத்தகை என்றால் நீ கொடுப்பது கூலி. போனது போனதுதான். ஒற்றி என்றால் நீ கொடுப்பது கடன். திரும்பி வரவேண்டியது. பெயரைக் குழப்பினால் கையில் எழுதுகிற பத்திரமும் குழம்பும். இந்தியாவின் 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் குத்தகையையும் அடமானத்தையும் வெவ்வேறாகத்தான் வைத்திருக்கிறது. அனுபவ பாத்தியத்தோடு கூடிய அடமானத்துக்கு, தொகை நூறு ரூபாயைத் தாண்டினாலே, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். பதிவு செய்தால் முத்திரைச் செலவு வரும். அதைத் தவிர்க்கத்தான் ஒரு சாதாரண முத்திரைத் தாளில் லீஸ் ஒப்பந்தம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நாளைக்கு வீட்டுக்காரர் கையை விரித்தாலோ, வீடு வேறு கைக்குப் போனாலோ, அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டின் மேல் உரிமை கோருவது மிகக் கடினம்.

இது நான் புத்தகத்தில் மட்டும் கண்டதன்று. 83 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்குப் போன என் சக பத்திரிகையாளர் ஒருவர், மனைவியின் நகைகளை விற்ற பணத்தைப் போக்கியத்துக்குக் கொடுத்துக் குடும்பத்தோடு இருந்தார். வீட்டுக்காரர் அதற்கு முன்பே அந்த வீட்டை ஒரு வங்கியில் அடமானம் வைத்திருந்தது இவருக்குத் தெரியாது. வங்கி ஏலம் போட்டபோது இவரிடம் இருந்தது ஒரு கையெழுத்துத் தாள் மட்டுமே. வெளிநாட்டுக்காரன், அதிலும் அகதி. எந்தக் கதவைத் தட்டுவது? கடைசிவரை அந்தப் பணம் வரவில்லை. அந்த மனிதர் பிறகு எந்தச் சபையில் வாடகை என்ற பேச்சு எழுந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆகவே மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல், வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார், வங்கிக் கடன் உண்டா என்று நேரே கேள் என்றேன். இன்னொன்றும் இருந்தது. இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே அசையாச் சொத்து எதையும் பெறவோ மாற்றவோ முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படியானால் தரகர் லீஸ் என்று சொல்கிற இது குத்தகையா, அடமானமா? அவள் கேட்ட ஒரு சொல்லின் விளக்கத்தில் பதினைந்து இலட்சமும் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே என்றேன்.

“தாத்தா, நீங்கள் பயமுறுத்திறியள்” என்றாள்.

“ஓம்” என்றேன்.

நான்கு நாள் கழித்து மீண்டும் அழைத்தாள். வில்லங்கச் சான்றிதழ் என்றவுடனேயே வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டதாம். பதிவு என்றதும், இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்று பேச்சை முடித்துவிட்டாராம். அவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். செலவுக்குப் பயந்திருக்கலாம். அதை அறிய இனி வழியில்லை. அவர்கள் வேறொரு தெருவில் சற்றுச் சிறிய வீடொன்றை மாத வாடகைக்கே எடுத்துவிட்டார்கள். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்கிறது. அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, பத்து மாதம் கேட்டதை ஆறு மாதமாகக் குறைத்திருக்கிறார்.

“அம்மம்மான்ரை கலியாணம் ஒற்றிக் காசிலையாம் எண்டு அம்மா இப்பதான் சொன்னவ. உண்மையோ?” என்று கடைசியில் கேட்டாள். அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். அந்த உறுதியைப் பார்க்கவேண்டும் என்றாள்.

அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மீட்கப்பட்டது என்று 2003 பங்குனித் திகதியிட்டு, அந்த அம்மாள் நடுங்கிய எழுத்தில் பெயரெழுதிக் கையெழுத்து வைத்த தாள். நேற்றுக் காலை வெளிச்சத்தில் அதை மேசையில் விரித்துப் படம் எடுத்து அனுப்பினேன். மேல் மூலையில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதே, தேத்தண்ணியோ என்று கேட்டு எழுதியிருந்தாள். இல்லை, அது பிசுக்கோத்துத் தகரத்தின் துரு என்று பதில் எழுதினேன்.